பூசுவதற்கு முன் தட்டிப் பாருங்கள்

சாவியை ஒப்படைக்க இன்னும் நான்கு வாரம் இருந்தது. வீட்டு உரிமையாளரிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. கடைசி நாளன்று தாமே வந்து அறை அறையாகப் பார்ப்பதாகவும், சுவர்கள் நாங்கள் குடிவந்தபோது இருந்தபடியே இருந்தால் முன்பணம் முழுவதும் திரும்பக் கிடைக்கும் என்றும் எழுதியிருந்தார். இல்லாவிட்டால் பழுதுபார்க்கும் செலவைக் கழித்துக்கொள்வாராம்.

கம்பாரில், பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்துத் தாமான் ஒன்றில், நாங்கள் நான்கு பெண்கள் ஓர் ஒற்றை மாடி வரிசை வீட்டை எடுத்துத் தங்கியிருந்தோம். வாடகை 800 ரிங்கிட். முன்பணமாக இரண்டு மாத வாடகையும், தண்ணீருக்கும் மின்சாரத்துக்குமாக இன்னும் அரை மாத வாடகையும் கட்டியிருந்தோம். ஆக மொத்தம் 2,000 ரிங்கிட், ஆளுக்கு 500. படிப்பு முடிந்து வேலை கிடைக்கும்வரை எங்கள் கையில் இருக்கப் போகும் பணம் அதுதான். எங்களில் ஒருத்தி நேர்முகத் தேர்வுக்குக் காலணி வாங்கவும், கோலாலம்பூருக்குப் பேருந்துக் கட்டணத்துக்கும் அந்த 500-ஐ மனத்துக்குள் பிரித்தே வைத்துவிட்டாள்.

அன்று இரவு கைப்பேசி விளக்கோடு சுவர்களைச் சுற்றி வந்தோம். ஆணியும் திருகாணியும் அடித்த 17 துளைகள். தீபாவளித் தோரணம் ஒட்டிய இரட்டைப் பக்க ஒட்டுநாடா பெயிண்டைப் பிய்த்துக்கொண்டு வந்த இடங்கள் சில. முன்னறைக் கதவின் கைப்பிடி மூன்று வருடம் இடித்து இடித்து உண்டாக்கிய உள்ளங்கை அளவுக் குழி. அதில் செங்கல்லே தெரிந்தது. கடைசியாக, குளியலறையை ஒட்டிய படுக்கையறைச் சுவரின் அடிப்பக்கம். அங்கே பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக உப்பி, தொட்டால் வெள்ளைத் தூளாக உதிர்ந்தது.

பெயிண்டர் ஒருவரிடம் கேட்டோம். எல்லாவற்றையும் சரிசெய்து கொடுக்க 450 ரிங்கிட் என்றார். நாமே செய்துவிடலாம் என்று நான்தான் சொன்னேன். வாணி விழாவுக்கு மேடை அலங்காரம் செய்தவர்களுக்கு ஒரு சுவரைப் பூசத் தெரியாதா?

தெரியவில்லை.

ஹார்ட்வேர் கடையில் பில்லர் ஒரு டப்பாவும், சிறு பொட்டலமாகச் சிமெண்டும் மணலும் வாங்கி வந்தோம். ஆணித் துளைகளில் பில்லரை விரலால் அமுக்கித் துடைத்தோம். கதவுக்குப் பின்னால் இருந்த குழிக்குச் சிமெண்டையும் மணலையும் பாதிக்குப் பாதி குழைத்து ஒரே அப்பாக அப்பினேன். சிமெண்டு கூடினால் பலம் கூடும் என்பது என் கணக்கு. குளியலறைச் சுவரில் உதிர்ந்ததைத் துணியால் துடைத்துவிட்டு அதன்மேலும் பில்லரைத் தடவினோம். மாலையில் பார்த்தபோது பிரமாதமாக இருந்தது. படம் எடுத்துப் பெரியப்பாவுக்கு அனுப்பினேன். முப்பது வருடத்துக்கு மேல் வீடமைப்புத் திட்டங்களில் பூச்சு வேலை செய்து ஓய்வு பெற்றவர் அவர், ஈப்போவில் இருக்கிறார். பதிலுக்கு ஒரு வரி வந்தது: "ஒரு வாரம் கழிச்சு இதே எடத்தப் படம் எடுத்து அனுப்புமா."

ஒரு வாரம்கூட ஆகவில்லை. கதவுக்குப் பின்னால் வைத்த சிமெண்டு வறண்ட குளம்போல வெடித்திருந்தது. ஓரத்தில் நகத்தை வைத்து நெம்பினால் முழு வில்லையாகக் கையோடு வந்தது. துளைகளில் வைத்த பில்லர் உள்வாங்கி, ஒவ்வொன்றும் அம்மைத் தழும்புபோலத் தெரிந்தது. குளியலறைச் சுவரில் பில்லரையும் தள்ளிக்கொண்டு கொப்புளம் மறுபடி எழும்பியிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெரியப்பாவே வந்தார். கையில் ஒரு பழைய கரணை, ஓர் உளி, ஒரு சின்னச் சுத்தியல். வந்ததும் எதையும் பூசவில்லை. சுத்தியலின் மரப்பிடியைச் சுவரில் வைத்து, டொக் டொக்கென்று தட்டிக்கொண்டே போனார். நல்ல இடத்தில் சத்தம் கெட்டியாகக் கேட்டது. கதவுக்குப் பின்னால் குழியைச் சுற்றித் தட்டியபோது அது காலி டப்பாவைத் தட்டுவதுபோல மாறியது. பென்சிலால் அந்த எல்லையைக் கோடு போட்டார். எங்கள் கண்ணுக்கு உள்ளங்கை அளவாகத் தெரிந்த பழுது, தட்டிப் பார்த்தபோது ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு இருந்தது. பூச்சு செங்கல்லை விட்டு எழும்பி, சும்மா ஒட்டிக்கொண்டு நின்றிருக்கிறது.

"இதோட ஓரத்துலதான் நீ சிமெண்ட ஒட்ட வச்சிருக்க. அதுக்கே புடிமானம் இல்ல. உன் சிமெண்டு எதப் புடிச்சிக்கும்?" என்றார்.

உளியைக் கையில் எடுக்கும் முன் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று பார்த்தார். சுவருக்குள் புதைத்த மின்கம்பி வழக்கமாகச் சுவிட்சிலிருந்தும் பிளக்கிலிருந்தும் நேர் மேலேயோ கீழேயோ போகும். அந்தக் கோட்டில் உளி வைக்கக் கூடாது. துளையும் போடக் கூடாது. மாணவர் வீடுகளில் படம் மாட்ட ஆணி அடிக்கும் எல்லாரும் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. தூசிக்கு முகக்கவசம், கண்ணுக்குக் கண்ணாடி, சிமெண்டுக்குக் கையுறை மூன்றும் வேண்டும் என்று முன்பே தொலைபேசியில் சொல்லியிருந்தார். ஈரச் சிமெண்டு கடுமையான காரம். நான் முதல் வாரம் வெறும் கையால் குழைத்து விரல் நுனிகள் வெடித்துப் போயிருந்ததை அவருக்குக் காட்டவில்லை.

பொய்ச்சத்தம் வந்த பகுதி முழுவதையும் கெட்டியான இடம் வரும்வரை செதுக்கி எடுத்தோம். ஓரங்களை உள்பக்கமாகச் சரித்து வெட்டச் சொன்னார். வாய் குறுகி உள்ளே அகன்ற பானைபோல இருந்தால் புதுப் பூச்சு வெளியே நழுவாது. பிறகு தூசியைத் தூரிகையால் கூட்டி, செங்கல்மேல் தண்ணீர் தெளித்தார். ஒருமுறை தெளித்தார், செங்கல் அப்படியே குடித்துவிட்டது. மறுபடி தெளித்தார். மூன்றாவது முறை நிறம் மாறி நின்றது. "ஈரமா இருக்கணும், ஆனா தண்ணி மினுங்கக் கூடாது."

என் முதல் பூச்சு தோற்றதன் காரணம் இந்த இடத்தில்தான் புரிந்தது. வேதியியல் பாடத்தில் படித்தும் மறந்துபோன விஷயம் அது. சிமெண்டு காய்ந்து கெட்டியாவதில்லை. அதிலுள்ள கால்சியம் சிலிகேட்டுகள் தண்ணீரோடு வினைபுரிந்து புதிய படிகங்களையும் பசைபோன்ற ஒரு பொருளையும் உண்டாக்குகின்றன. மணலைப் பிடித்துக் கட்டுவது அதுதான். அந்த வினைக்குத் தண்ணீர் உள்ளேயே இருக்க வேண்டும். காய்ந்த செங்கல் கலவையிலிருந்த தண்ணீரை உறிஞ்சிவிட்டால் வினை பாதியில் நின்றுவிடும். மிஞ்சுவது பிடிப்பில்லாத பொடி. அதோடு, சிமெண்டு அதிகமான கலவை அதிகமாகச் சுருங்கும். பாதிக்குப் பாதி கலந்தேன் அல்லவா, என் குழி வறண்ட குளமானது அதனால்தான். பெரியப்பா ஒரு பங்கு சிமெண்டுக்கு ஐந்து பங்கு மணல் போட்டார். பூச்சு தன்னைச் சுற்றியுள்ள பழைய பூச்சைவிட முரடாக இருந்தால் சுருங்கும்போது ஓரத்தைப் பிய்த்துக்கொண்டு வரும் என்றார். கல்லும் ஓடும் இல்லாத சன்ன மணலைச் சலித்து எடுத்தோம். கடற்கரை மணல் ஆகாது; அதிலுள்ள உப்பு பின்னால் வெளியே வரும்.

குழியின் ஆழம் 15 மில்லிமீட்டருக்குமேல் இருந்தது. ஒரே தடவையில் நிரப்பினால் எடை தாங்காமல் தொய்யும். முதல் நாள் 10 மில்லிமீட்டர் கனத்துக்கு அழுத்தி வைத்து, அது இறுகும் முன் ஒரு முள்கரண்டியால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிவிட்டோம். அடுத்த அடுக்குக்கு அதுதான் பிடி. அவர் ஈப்போவுக்குத் திரும்பிவிட்டார். இரண்டாவது அடுக்கை மறுநாள் நான் வைத்தேன், வீடியோ அழைப்பில் அவர் பார்த்துக்கொண்டிருக்க. ஒரு நேரான பலகையைச் சுவரின் நல்ல பகுதிகள் இரண்டிலும் படும்படி வைத்து, இடமும் வலமும் ஆட்டி மேலே இழுத்தால், மிகையாக உள்ள கலவை பலகையோடு வந்துவிடுகிறது. எட்டுத் தடவை செய்தேன். எட்டாவது தடவை அவர் "ம்" என்றார். அந்த ஒரு "ம்"-க்கு எனக்கு வந்த சந்தோஷம் இறுதியாண்டு ஆய்வேட்டுக்குக்கூட வரவில்லை.

அதற்குப் பிறகு மூன்று நாள் காலையும் மாலையும் தண்ணீர் தெளித்து, மேலே பிளாஸ்டிக் தாளை ஒட்டி மூடி வைத்தோம். பூச்சு அவசரமாகக் காய்ந்துவிடக் கூடாதே என்பதற்காக.

ஆணித் துளைகளைப் பற்றி நீளமாகச் சொல்ல எதுவும் இல்லை. பற்பசையை அடைக்கும் வித்தை மாணவர் விடுதிகளில் வாய்வழியாகவே பரவியிருக்கிறது; தயவுசெய்து வேண்டாம், அது சுருங்கும், மஞ்சளாகும். துளையின் வாயில் எழும்பி நிற்கும் பிசிறை வெட்டி எடுத்து, பிளாஸ்டிக் பிளக் இருந்தால் உருவி, தூசியை ஊதி, பில்லரைச் சின்ன உலோகத் தகட்டால் அழுத்தி, கொஞ்சம் மேடாகவே விட வேண்டும். மறுநாள் உள்வாங்கியிருந்தால் இன்னொரு பூச்சு. பிறகு சன்ன உப்புத்தாளால் தேய்த்தால் போதும். ஓர் எச்சரிக்கை: மிகப் பழைய வீட்டில் இருப்பவர்கள் பழைய பெயிண்டை உலர்வாகத் தேய்க்காதீர்கள். அதில் ஈயம் இருக்கலாம். ஈயத் தூசி நஞ்சு.

இனி குளியலறைச் சுவர்.

உதிர்ந்த வெள்ளைத் தூளைப் பெரியப்பா விரலில் எடுத்து, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார். கரைந்துவிட்டது. பூஞ்சையாக இருந்திருந்தால் கரையாது. அது உப்பு. செங்கல்லிலும் சிமெண்டிலும் இருக்கும் உப்புகளைத் தண்ணீர் கரைத்துக்கொண்டு சுவரின் மேல்பரப்புக்கு வருகிறது. தண்ணீர் காற்றில் போய்விட, உப்பு அங்கேயே படிகமாகிறது. படிகம் வளர இடம் வேண்டுமல்லவா? பெயிண்டையும் பூச்சையும் உள்ளிருந்து தள்ளுகிறது. நாங்கள் தடவிய பில்லர் ஜிப்சத்தால் ஆனது. கை உடைந்தால் மருத்துவமனையில் போடும் மாவுக்கட்டும் அதே இனம்தான். ஈரத்தில் அது தாங்காது, மெல்ல இளகிவிடும். தண்ணீர் வரும் சுவரில் அதைப் பூசியது, ஒழுகும் கூரைக்கு வெள்ளையடித்த மாதிரி.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு மூன்று வேலை கொடுத்துவிட்டுத்தான் அவர் கிளம்பினார். முதலாவது, ஈரமான இடத்தில் தெளிவான பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் ஒட்டுநாடாவால் அடைத்து இரண்டு நாள் விட வேண்டும். நீர்த்துளி தாளின் அறைப்பக்கத்தில் இருந்தால் அது காற்றின் ஈரம். சுவர்ப்பக்கத்தில் இருந்தால் சுவருக்குள்ளிருந்து வருவது. எங்களுக்குச் சுவர்ப்பக்கம்தான் முத்து முத்தாக நின்றது. இரண்டாவது, இரவு எல்லாக் குழாயையும் மூடிவிட்டு வாசலில் உள்ள தண்ணீர் மீட்டரைப் படம் எடுத்து, காலையில் யாரும் குழாயைத் திறக்கும் முன் மறுபடி பார்க்க வேண்டும். எண் நகரவில்லை. அப்படியானால் சுவருக்குள் போகும் குழாய் உடையவில்லை. மூன்றாவது, ஒரு வாரம் அந்தக் குளியலறையில் யாரும் குளிக்கக் கூடாது. வீட்டில் இரண்டு குளியலறை இருந்ததால் பிழைத்தோம். காலை எட்டு மணி வகுப்புக்கு நான்கு பெண்கள் ஒரே குளியலறையில் கிளம்பியது தனிக் கதை. வாரக் கடைசியில் தாளின் துளிகள் பாதிக்குமேல் குறைந்துவிட்டன.

குளிக்கும் தண்ணீர்தான் ஓடுகளுக்கு இடையே உள்ள இணைப்பு வழியாகச் சுவருக்குள் போகிறது என்று தெரிந்துபோயிற்று. உட்கார்ந்து பார்த்தால், ஷவருக்கு அடியில் மூலையோரம் இணைப்புச் சாந்து பொடிந்து, தீக்குச்சி நுழையும் அளவு இடைவெளி இருந்தது.

அன்று இரவுதான் எங்களுக்குள் சண்டை.

"மேல பெயிண்ட் அடிச்சிட்டா யாருக்குத் தெரியப் போகுது? அவங்க வந்து பாக்குற அன்னிக்கு நல்லா இருந்தா போதாதா?" என்றாள் ஒருத்தி. அவள் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அந்த ஒழுக்கு எங்கள் தவறில்லை. உரிமையாளரிடம் சொன்னால், நீங்கள்தான் உடைத்தீர்கள் என்று முழுச் செலவையும் எங்கள் தலையில் கட்டிவிட்டால்? 2,000 ரிங்கிட்டும் போகலாம். காலணிக்குப் பிரித்து வைத்தவள் அழவே ஆரம்பித்துவிட்டாள். மறைத்துவிடலாம் என்று இரண்டு பேர், சொல்லிவிடலாம் என்று இரண்டு பேர். எனக்கே அன்று இரவு முழு உறுதி இல்லை. பெரியப்பா தொலைபேசியில் கேட்டது இதுதான்: "அடுத்து வர்ற பிள்ளைங்களும் இதே பில்லரத்தானே வாங்குவாங்க?"

கடைசியில் பிளாஸ்டிக் தாள், மீட்டர் எண், மூலையோரத்து இடைவெளி எல்லாவற்றையும் தேதியோடு படமாகச் சேர்த்து, மலாயில் விளக்கி எழுதி அனுப்பினோம். ஆணித் துளைகளும் கதவுக்குப் பின்னால் உள்ள குழியும் எங்களால் ஆனவை, அவற்றை நாங்களே சரிசெய்கிறோம். குளியலறைச் சுவர் எங்களால் ஆனதில்லை என்று பிரித்தே எழுதினோம். இப்போது யோசித்தால், எங்களுக்குக் கை கொடுத்தது அந்தப் பிரிப்புதான் என்று தோன்றுகிறது. வாடகை வீட்டில் இருக்கும் மாணவர்கள் குடிவரும் முதல் நாளே ஒவ்வொரு சுவரையும் தேதியோடு படம் எடுத்து உரிமையாளருக்கும் அனுப்பிவிடுங்கள். நாங்கள் அதைச் செய்யவில்லை. செய்திருந்தால் அந்த இரவு சண்டையே வந்திருக்காது.

இரண்டு நாள் பதில் இல்லை. நீலக் குறி மட்டும் விழுந்திருந்தது.

மூன்றாம் நாள் உரிமையாளர் ஓடு வேலை செய்பவர் ஒருவரோடு வந்து நின்றார். வயதான சீனப் பெண்மணி. நாங்கள் ஆண்டி என்றுதான் கூப்பிடுவோம். சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஒவ்வொரு முறை குடியிருப்பவர்கள் மாறும்போதும் இந்தச் சுவருக்கு மட்டும் பெயிண்ட் அடித்துக்கொண்டே இருப்பதாகவும், மாணவர்கள் ஈரத் துணியைச் சாத்தி வைப்பதால் இப்படி ஆகிறது என்று நினைத்திருந்ததாகவும் சொன்னார். வந்தவர் மூலையோரத்துச் சாந்தைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக அடைத்தார்.

இனி படுக்கையறைப் பக்கம் பூசிவிடலாம் என்று நான் கரணையோடு தயாராக இருந்தேன். பெரியப்பா தடுத்துவிட்டார். உள்ளே ஊறிய தண்ணீர் வெளியேற வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில் ஆகும். அதுவரை எதைப் பூசினாலும் உப்பு தள்ளிவிடும். உதிரும் பூச்சைச் சுரண்டி எடுத்து, உப்பைக் காய்ந்த தூரிகையால் கூட்டி அள்ளி, சுவரை அப்படியே திறந்து விடச் சொன்னார். தண்ணீரால் கழுவினால் உப்பு மறுபடி கரைந்து உள்ளே போய்விடுமாம். அந்தச் சுவருக்கு நாங்கள் செய்த நல்ல வேலை, அதைச் செங்கல் தெரிய அம்மணமாக விட்டதுதான். பார்க்கச் சகிக்கவில்லை. ஆண்டியிடம் காரணத்தைச் சொன்னோம்.

பழைய கட்டடங்களில் இதே விஷயம் இன்னும் பெரிதாக வரும். 2008-ல் மலாக்காவோடு சேர்த்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகளுக்குச் சுண்ணாம்புப் பூச்சுதான். ஈரம் உள்ளே வந்தாலும் சுண்ணாம்பு அதை வெளியே விட்டுவிடும். அதன்மேல் நவீனச் சிமெண்டைப் பூசினால் வெளியேற வழியில்லாமல் ஈரம் செங்கல்லுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. அங்கே உதிர்ந்த சுவரைப் பார்த்தால், எந்த இடத்தில் சிமெண்டு வைத்து ஒட்டுப் போட்டிருக்கிறார்கள் என்று நானும் இப்போது தேடத் தொடங்கிவிட்டேன்.

கதவுக்குப் பின்னால் போட்ட பூச்சுக்குப் பெயிண்ட் அடிக்க நாலு வாரம் பொறுக்கணும் என்றார் பெரியப்பா. புதுச் சிமெண்டின் காரம் பெயிண்டைக் கெடுக்கும். எங்களிடம் இருந்தது இருபது நாள்தான். அதனால் மேலே மெல்லிசாக ஸ்கிம் கோட் இழுத்து, காய்ந்ததும் தேய்த்து, காரம் தாங்கும் சீலர் அடித்து, அதன்மேல் எமல்ஷன் அடித்தோம். சீலர் இல்லாமல் அடித்தால் புதுப் பூச்சு பெயிண்டை உறிஞ்சி அந்த இடம் மட்டும் மங்கலாகத் தெரியும். தேய்த்த இடம் சமமா என்று பார்க்க, விளக்கை அணைத்துவிட்டுக் கைப்பேசி வெளிச்சத்தைச் சுவரை ஒட்டிச் சாய்வாகப் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு மேடும் நிழல் விழுந்து காட்டிக்கொடுக்கும். எனக்கு ஐந்து மேடு இருந்தது. மறுபடி உப்புத்தாள்.

ஒன்று மட்டும் ஏமாந்தோம். கடையில் அதே நிறம், அதே எண் என்று வாங்கிய பெயிண்ட், பல வருடம் வெயிலும் சமையல் புகையும் பட்ட சுவரோடு ஒட்டவில்லை. பூச்சு போட்ட இடம் பளிச்சென்று சதுரமாக நின்றது. கடைசியில் மூலைக்கு மூலை முழுச் சுவரையும் அடித்தோம். சுவர் திரும்பும் மூலையில் நிற மாற்றம் கண்ணுக்குத் தெரிவதில்லை. அப்புறம் மூன்று ரிங்கிட் கொடுத்து ஒரு ரப்பர்க் கட்டை வாங்கி, கதவு சுவரில் இடிக்காதபடி தரையில் பொருத்தினோம். குடிவந்த வாரமே அதை வாங்கியிருக்கலாம். இவ்வளவுக்கும் ஆன சாமான் செலவு 68 ரிங்கிட்.

ஒப்படைக்கும் நாளன்று ஆண்டி முன்னறைக் கதவைத் திறந்தார். அது ரப்பரில் முட்டி நின்றது. கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, சுவரை உள்ளங்கையால் ஒரு தடவு தடவினார். ஒன்றும் சொல்லவில்லை. படுக்கையறையில் செங்கல் தெரிந்த இடத்தில் கையை வைத்து, இன்னும் குளிர்ச்சியாக இருக்கிறது, அடுத்த மாதம் பூசிக்கொள்கிறேன் என்றார். பிறகு சமையலறைக்குப் போனவர், தொட்டிக் குழாயின் பிடி உடைந்திருப்பதைக் கண்டுபிடித்து 35 ரிங்கிட் கழித்துக்கொண்டார். அதை நாங்கள் நால்வருமே மறந்துபோயிருந்தோம். ஆளுக்கு 491 ரிங்கிட் 25 சென்.